தலைமுடியும் ஒரு விசாரணைதான்
(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



தூரத்துச் சேகரங்களிலிருந்து விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எங்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சமையல் வாசனை இப்போதே வருகிறபடியால் சுருக்கமாகவே பேசுவோம்.

இவ்வருஷம் வந்த கடிதங்களில் ஒன்று, மிக நீண்ட காலமாய்த் தவறாமல் காணிக்கை அனுப்புகிற ஒரு பெரியவர் எழுதியது. தோல் நோய்ப் பிரிவைப் பற்றி இந்த மடலில் எழுதியிருந்தோம். அதில், திடீரென்று முடி கொட்டி வரும் வாலிபர்களைக் குறித்து ஒரே ஒரு வரி இருந்தது. அதை வாசித்துவிட்டு அவர் கேட்கிறார்: பிரசவத்துக்கும் புற்றுநோய்க்கும் என்று நாங்கள் அனுப்புகிற பணம், பையன்களுடைய தலைமுடிக்கா போகிறது? நியாயமான கேள்வி. பதில் கடிதம் எழுதினோம். ஆனாலும் இதை உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இந்தத் தம்பிகளை ஒரு நாள் நீங்கள் பார்க்க வேண்டும். கொளுத்துகிற வெயிலிலும் தொப்பி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் சுருட்டி வைத்த முடி. தலையணையில் கிடந்தது, குளியலறையில் கிடந்தது, எல்லாவற்றையும் பொறுக்கிச் சாட்சிக்குக் கொண்டு வருகிறார்கள். கூட வந்த அம்மா எங்களைப் பார்த்தவுடனே எழுந்து, "ஐயா, எம்புள்ளைக்கு எந்த வியாதின்னாலும் பரவாயில்லை, அது மட்டும் இருக்கக்கூடாது, ஜெபம் பண்ணுங்க" என்கிறார்கள். அந்த "அது" என்ன என்று அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். எங்களுக்குத் தெரியும். சிலருக்கு அது புற்று. சிலருக்கு எய்ட்ஸ். வயதானவர்களுக்கு இன்னும் குஷ்டரோகம். முடியைப் பற்றிய கவலை மேலே தெரிகிறது. அடியிலே இருப்பது வேறு பயம்.

சென்ற மழைக்காலம் கழிந்து வந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறோம். ஊரும் தொழிலும் சொல்லப்போவதில்லை. வயது 24. நிச்சயம் முடிந்து, ஓலை வாசிக்க நாள் குறித்தாயிற்று. சீப்பை வைத்தால் கொத்தாக வருகிறது. இரண்டு வாரத்தில் முன்மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. பெண் வீட்டார் காதுக்கு எட்டியது, அவர்கள் ஒரு பெரியவரை அனுப்பி, "மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி?" என்று விசாரித்தார்கள். பையன் அதற்குள் மூன்று எண்ணெய், இரண்டு ஷாம்பு, ஒரு பாட்டில் பயோட்டின் மாத்திரை வாங்கித் தீர்த்திருந்தான். டவுனில் ஒரு கடைக்காரர் தண்ணீர்தான் காரணம் என்றார். இன்னொருவர் ஹெல்மெட் என்றார். பாட்டி கண்ணேறு என்றார்கள்.

டாக்டரம்மா தலையைத் தொடுவதற்கு முன் காலண்டரை எடுத்தார்கள். "தம்பி, இந்த மாசத்தை விடு. மூணு மாசத்துக்கு முந்தி உனக்கு என்ன நடந்தது?" பையனுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அம்மாதான் சொன்னார்கள்: "டெங்குக் காய்ச்சல்லே ஏழு நாள் படுத்திருந்தானே, டாக்டரம்மா. அது எப்பவோ சரியாப் போச்சே." அந்த "எப்பவோ" சரியாகப் பதினோரு வாரம்.

இதை எங்களுக்கும் டாக்டரம்மாதான் விளக்கினார்கள். மனிதன் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருஷம் வரை வளரும். பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வில் நிற்கும். பிறகு உதிரும், அதே குழியில் புது முடி எழும்பும். பனையில் பழைய ஓலை காய்ந்து விழுவதும், உச்சியில் குருத்து விரிவதும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான தலையில் பத்தில் ஒரு பங்கு முடிதான் ஓய்வில் இருக்கும். தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடுமையான காய்ச்சல், பெரிய ஆபரேஷன், பட்டினி, அதிக இரத்தப்போக்கு, தாங்கமுடியாத துக்கம் இவை வந்தால் சரீரம் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. முடி வளர்ப்பதை முதலில் நிறுத்துகிறது. ஒரே சமயத்தில் பெருந்தொகையான முடி ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஆனால் அன்றைக்கே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, நோயாளி காய்ச்சலையே மறந்தபிறகு, ஒன்றாய் விழுகிறது. ஆகையால்தான் காரணம் ஒருவருக்கும் பிடிபடுவதில்லை. நேற்று மாற்றிய ஷாம்புவின்மேல் பழி விழுகிறது. 2020லும் 2021லும் கொரோனாவிலிருந்து பிழைத்தவர்களில் அநேகருக்கு இப்படித்தான் நடந்தது.

பையில் கொண்டுவந்த முடியில் ஒன்றை எடுத்து டாக்டரம்மா வெளிச்சத்தில் காட்டினார்கள். நுனியில் வெள்ளையாய்ச் சிறு குமிழ். "வேரோடே வருதே" என்று தாய்மார் அழுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் அல்ல. ஓய்வுக்குப் போன முடியின் அடிக்கட்டை. வேர் தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. அந்தத் தம்பிக்கு இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்தார்கள். அதுவும் பயோட்டின் மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்லிவிட்டு. அந்த மாத்திரை சில லேப் சோதனைகளின் கணக்கைக் குழப்பிவிடும் என்று 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. லேபில் இருக்கிற நம் சகோதரி இதை ஒரு சீட்டில் எழிதி ஜன்னலில் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். சோதனைகள் சரியாக இருந்தன. மருந்து எதுவும் எழுதவில்லை. "முட்டை சாப்பிடு, பருப்பு சாப்பிடு, ஆறு மாசம் பொறு" என்றார்கள். பையனுக்கு ஏமாற்றம். ஊசி இல்லையா என்றான். பெண் வீட்டிலிருந்து வந்த பெரியவரை டாக்டரம்மா, தம்பியின் சம்மதத்தோடு, உள்ளே கூப்பிட்டு அதே காலண்டரைக் காட்டினார்கள். ஓலை குறித்த நாளிலேயே வாசிக்கப்பட்டது. கலியாணப் படங்களில் மாப்பிள்ளை தலை கொஞ்சம் வெளிச்சமாகத்தான் இருக்கிறது; அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தைச் சபையில் வாசித்தால் அநேகருக்குத் தூக்கம் வருகிறது. எங்களுக்கும் செமினரியில் படித்த காலத்தில் அது வறண்ட பகுதியாகத்தான் இருந்தது. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அதை வேறு கண்ணோடு வாசிக்கிறோம். ஆசாரியன் முதலில் பார்க்கிறான். நிறத்தைப் பார்க்கிறான், தோலைவிடப் பள்ளமாயிருக்கிறதா என்று பார்க்கிறான், முடியைப் பார்க்கிறான். சந்தேகமானால் தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாள் காத்திருந்து மறுபடியும் பார்க்கிறான். தலையிலோ தாடியிலோ சொறி கண்டால் அதற்கும் ஒரு விசாரணை. இவ்வளவுக்கும் நடுவில், 40ஆம் 41ஆம் வசனங்களில், முடி உதிர்ந்து வழுக்கையானவன் சுத்தமுள்ளவனே என்று திட்டமாய்ச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிச் சொல்லவேண்டிய அவசியம் ஏன் வந்தது? அக்காலத்திலும் ஊரார் வழுக்கையைக் கண்டு ஒதுங்கினார்கள் என்றுதானே நினைக்க வேண்டியிருக்கிறது! எலிசாவைப் பையன்கள் கேலி செய்ததும் தலையைக் காட்டித்தான்.

பார்ப்பது, காத்திருப்பது, மறுபடியும் பார்ப்பது. டாக்டரம்மா செய்கிறதும் இதுதான். எல்லாத் தலையும் காய்ச்சல் தலை அல்ல.

பெரும்பாலான வாலிபர்கள் திடீரென்று கொட்டிவிட்டது என்று சொல்லி வருவார்கள். பழைய போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் மூன்று வருஷமாய் நெற்றி ஏறிக்கொண்டிருக்கும். திடீரென்று வந்தது வழுக்கை அல்ல, அதைக் கண்ட நாள்தான். இது ஆண் சுரப்பியும் பரம்பரையும் சேர்ந்த காரியம் என்று 1942இல் அமெரிக்காவில் ஹாமில்டன் என்பவர் காட்டினார். தாய்வழி மட்டும் அல்ல, தகப்பன் வழியும் உண்டு. ஆகையால் மாமன்மாரை மட்டும் குற்றம் சொல்லவேண்டாம். இதற்கு மருந்து உண்டு, விடாமல் போட வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது விரைவுபடும். டாக்டரம்மா இதைக் கேட்கும்போது பையன்கள் அப்பாவை வெளியே போகச் சொல்கிறார்கள்.

காசு அளவு வட்டமாய், வழவழப்பாய் விழுந்தால் அது புழுவெட்டு. பெயர்தான் புழு, அங்கே எந்தப் புழுவும் இல்லை, பூச்சியும் கடிக்கவில்லை, ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றவும் தொற்றாது. சரீரத்தின் காவல் சேனை தன் வேரையே சத்துருவென்று நினைத்துத் தாக்குகிறது. ஓரத்தில் நிற்கிற முடி மேலே தடித்து அடியில் மெலிந்து ஆச்சரியக்குறி போலவே இருக்கும். லென்ஸ் வைத்து எங்களுக்கும் காட்டினார்கள். சிறிய வட்டமானால் அநேகருக்குத் தானாகவே வளரும். அல்லது அந்த இடத்தில் ஊசி போடுவார்கள். முடி பெருமளவு போய்விட்டவர்களுக்கென்று 2022இல் அமெரிக்காவில் ஒரு மாத்திரை அங்கீகரிக்கப்பட்டது. சின்ன வெங்காயமும் வேறு சிலதும் தேய்த்துத் தோல் வெந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு மனம் கசக்கிறது. விளம்பரக்காரர்கள்மேல் இன்னும் அதிகமாய்.

புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்து, தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் டாக்டரம்மா எழுந்து நின்று பார்ப்பார்கள். அது அபூர்வம். ஆனால் நம்மைப்போன்ற மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அந்தக் கண் பழகிய கண். குஷ்டரோகத்துக்குக் கூட்டு மருந்து இலவசம், குணமாகிறது. ஆரம்பத்தில் கண்டால் விரல் போகாது. "அது" என்று பயந்த அம்மாவுக்கு அந்த "அது"வுக்கும் மருந்து இருக்கிறதென்று சொல்ல முடிகிறதே, அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

இன்னொன்று உண்டு. சபையாருக்கு முன் சொல்லத் தயக்கமாயிருந்தாலும் சொல்லுகிறோம். பூச்சி அரித்த துணியைப்போல அங்கங்கே பொட்டுப்பொட்டாய் முடி விழுந்திருந்தால், உள்ளங்கையிலும் பாதத்திலும் செம்பொட்டுகள் இருந்தால், இரத்தத்தில் வி.டி.ஆர்.எல். சோதனை செய்வார்கள். சிபிலிஸ், நம் பக்கத்தில் மேகவியாதி என்பார்கள். விசுவாசக் குடும்பத்துப் பையன்களிலும் இருக்கிறது. ஒரு தம்பி முடிவு தெரிந்தபின் டாக்டரம்மாவின் அறையிலிருந்து நேரே சிற்றாலயத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வெகுநேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. கடைசியில், "ஐயா, அம்மாகிட்டே சொல்லுவீங்களா?" என்று கேட்டான். சொல்லமாட்டோம் என்றோம். வெளியே அந்த அம்மா எங்களுக்காகக் காத்திருந்தார்கள், எங்களுக்கு அறிமுகமானவர்கள்தான். "உங்கள் மகனுக்குக் குணமாகக்கூடிய வியாதி, மருந்து போட்டாயிற்று, மற்றதை அவனே சொல்லுவான்" என்றதோடு நிறுத்திக்கொண்டோம். அவர்களுக்கு வருத்தம்தான். பென்சிலின் ஊசியில், ஆரம்பக் கட்டமானால், இந்த நோய் தீரும். முடியும் சில மாதத்தில் திரும்பி வரும். எச்.ஐ.வி. சோதனையும் அவன் சம்மதம் கேட்டே செய்யப்பட்டது; அதை 2017ஆம் வருஷத்துச் சட்டமும் கட்டளையிடுகிறது. ஆனால் அவன் போய்ப் பேசவேண்டிய ஆள் ஒருவர் உண்டு, அவருக்கும் ஊசி வேண்டும். அதை அவனுக்குப் பதிலாக நாங்கள் செய்ய முடியாது; செய்யாமல் விட்டுவிடு என்று சொல்லவும் முடியாது. நான்கு தடவை வந்தான். ஐந்தாம் தடவை இரண்டு பேராக வந்தார்கள்.

எல்லாக் காரணமும் சரீரத்துக்குள்ளேயே கிடைத்துவிடாது என்பதற்கும் ஒரு செய்தி. 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் மகாராஷ்டிரத்துப் புல்டானா மாவட்டத்தில், சேகாவ் பக்கத்துக் கிராமங்களில், வாலிபர் பெண்கள் பிள்ளைகள் என்று பலருக்குத் தலை அரித்து, சில நாளிலேயே மொட்டையானது. தண்ணீர் என்றார்கள், ஷாம்பு என்றார்கள், புதிய கிருமி என்றார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் வந்து மாதிரிகள் எடுத்தார்கள். தேள்கடி சிகிச்சைக்காகப் பேர்பெற்ற டாக்டர் பவாஸ்கர் அந்த வீடுகளில் உண்ட ரேஷன் கோதுமையைச் சோதனைக்கு அனுப்பினார்; அதில் செலினியம் என்ற தாது மிக அதிகம் என்று அறிவித்தார். செலினியம் மிஞ்சினால் முடியும் நகமும் போகும் என்பது, சீனாவின் ஹூபே மாகாணத்தில் 1960களில் நடந்ததிலிருந்து தெரிந்த காரியம். யாரோ ஒருவர் தலையை மட்டும் பாராமல் அடுப்படிக்குள்ளும் போய்ப் பார்த்தார். நம் பக்கத்தில் உப்புத் தண்ணீரைச் சொல்லாத ஹாஸ்டல் பையன் இல்லை. உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், நடுவில் முறியும். ஆனால் கொத்துக் கொத்தாய் வருகிறதற்கு, காலை ஆகாரத்தை விட்டுவிட்டு ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருப்பதையும் எங்கள் டாக்டரம்மா சேர்த்தே விசாரிக்கிறார்கள்.

ஆகவே அந்தப் பெரியவருக்கு எழுதிய பதிலில், முடிக்காக ஒரு மருந்துப் பாட்டிலும் உங்கள் காணிக்கையில் வாங்கவில்லை என்று எழுதினோம். வாங்கியது லென்ஸ், இரத்தச் சோதனைக்கான பொருள்கள், பென்சிலின். இவ்வருஷம் தேவைப்படுவது, தைராய்டு, இரும்புச்சத்துச் சோதனைகளுக்குப் பணம் கட்ட இயலாதவர்களுக்கான நிதி. அதற்கான பெட்டி வாசலில் இடதுபக்கம் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் டாக்டரம்மா வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார இசைந்திருக்கிறார்கள். பேரனையோ மகனையோ கூட்டி வந்திருக்கிறவர்கள், அவர்கள் தொப்பியைக் கழற்றச் சம்மதித்தால், காட்டலாம். மூன்று மாதத்துக்கு முந்தி என்ன நடந்தது என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மா முதலில் கேட்கப்போவது அதைத்தான்.