நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தாலும் செய்தி தவறாது
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



போன வருடம் என் மகளுக்கான ஒரு கல்வி உதவித்தொகையைத் தவறவிட்டோம். அறிவிப்பு இணையதளத்தில் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது. எனக்கு அது வாட்ஸ்அப் ஃபார்வர்டாக வந்தபோது கடைசித் தேதி முடிந்து நான்கு நாள். ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து முந்நூறு மெசேஜில் எதைத் தேடுவது? அந்தத் தளத்தில் ஆர்.எஸ்.எஸ். வசதி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆர்.எஸ்.எஸ். என்றால் செய்தியோடை. வீட்டு வாசலில் பேப்பர் போடுவது போல, நாம் சொன்ன தளத்தில் புதிதாக எது வந்தாலும் தலைப்பும் இணைப்பும் நம் செயலிக்கு வந்துவிடும்.

இது புதிதல்ல, 1999இலேயே வந்தது. தமிழர்களுக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’, நூற்றுக்கணக்கான தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டியது. பலர் அதைப் பார்த்துத்தான் அன்றைய நாளைத் தொடங்கினார்கள். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டதும் பலர் ஓடைகளை மறந்தார்கள். ஆனால் ஓடைகள் வற்றவில்லை. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட் இன்றும் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது.

செய்முறை எளிது. ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஒரு செயலியை நிறுவுங்கள். இலவசக் கணக்கே போதும். தளத்தின் முகவரியைத் தேடும் இடத்தில் இட்டு, ‘ஃபாலோ’ அழுத்துங்கள். யூடியூப் சேனலையும் இப்படிச் சேர்க்கலாம். அந்தத் தளத்துக்கு உங்கள் போன் நம்பரோ மின்னஞ்சலோ தர வேண்டியதில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தளங்களிலும் ஓடை கிடையாது; அரசுத் தளங்கள் பலவற்றில் இல்லை. அவற்றை வாரம் ஒருமுறை நாமேதான் திறந்து பார்க்க வேண்டும். ஐம்பது தளங்களை ஒரே நாளில் சேர்க்காதீர்கள். அதுவும் இன்னொரு வாட்ஸ்அப் குரூப் ஆகிவிடும். பிள்ளைகளின் படிப்பு, வேலைவாய்ப்பு, உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் என ஐந்தில் தொடங்குங்கள்.

என் மகள் இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். இம்முறை அறிவிப்பு வந்த அன்றே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். போனை எடுத்து வாருங்கள், சேர்ந்தே போட்டுவிடலாம்.