தாய்க்குக் கொடுத்த சொல்



சொல்லையே செல்வமாகக் கொண்டோர் கூடியுள்ள அவை இது. பத்தாண்டுகளாகக் கவிதையைப் படித்தும் படைத்தும் வரும் ஒரு மன்றத்தின் விழாவில் கல்லூரி மாணவர் ஒருவரின் கதையைப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழக்கூடும். அம்மாணவர் கவிஞர் அல்லர்; பேச்சாளரும் அல்லர். நால்வர் கூடிய இடத்தில் நா எழாத கூச்சம் உடையவர். ஆயினும், ஒருவர் சொன்ன சொல்லுக்குப் பொருள் உரைக்கும் உரிமை சொன்னவருக்கு உரியதா, கேட்டவருக்கு உரியதா என்னும் வினாவை அவர் தம் வாழ்க்கையிலேயே எதிர்கொண்டார். சொல்லை ஆளும் எவருக்கும் அவ்வினா உரியதாகும்.

அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. உலகம் அவரை மகாத்மா என அழைத்தது பின்னாளில். இங்கே கருதப்படுபவர் 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற இளைஞர் மட்டுமே. அவ்வாழ்வை அறிய இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று, இலண்டன் சென்ற சில வாரங்களில், 1888 நவம்பரில், அவர் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு. ஏறத்தாழ 120 பக்கம் இருந்த அதில், உறவினர் ஒருவர் படியெடுத்து வைத்த இருபது பக்க அளவே இன்று எஞ்சியுள்ளது. மற்றொன்று, 1925இல் அவர் தொடராக எழுதத் தொடங்கிய ‘சத்திய சோதனை’.

1887இல் மெட்ரிகுலேஷன் தேறிய மோகன்தாஸ், மறு ஆண்டுத் தொடக்கத்தில் பாவநகர் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பாடங்கள் புரியவில்லை. முதற்பருவம் முடிந்ததும் வீடு திரும்பினார். தந்தை காலமாகி இரண்டாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. குடும்ப நண்பரான மாவ்ஜி தவே என்னும் அந்தணர், பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்குங்கள் என்று யோசனை கூறினார். பொருளுக்கு வழி தேடும் பொறுப்பைத் தமையனார் ஏற்றார். மனைவியின் நகைகளை விற்றால் இரண்டு மூவாயிரம் ரூபாய் தேறும் என்று மோகன்தாஸே சொன்னதையும் மறைத்தல் கூடாது. நகைக்குரிய கஸ்தூரிபாயின் கருத்து யாது என்பதற்கு அவ்வரலாற்றில் இடமில்லை.

அன்னை புத்லிபாய்க்கு வேறு கவலை இருந்தது. அந்நாட்டில் இளைஞர் கெட்டுப் போகின்றனர், புலால் உண்கின்றனர், மது இல்லாமல் வாழ இயலாது என்றெல்லாம் அவர் கேள்வியுற்றிருந்தார். கண்முன் இருக்கும் மகனை நம்பலாம். கடல் கடந்த மகனை எவ்வாறு நம்புவது என்பதே அத்தாயின் கலக்கம். பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி அதற்கு வழி கண்டார். மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று மோகன்தாஸ் அவர் முன்னிலையில் சத்தியம் செய்தார். அதன் பின்னரே அன்னை விடை கொடுத்தார்.

சூளுரைக்குத் தமிழில் ஒரு துறையே உண்டு. வஞ்சினக் காஞ்சி என்னும் அத்துறையில் அமைந்த புறநானூற்றுப் பாடல்களுள் 71, 72, 73 ஆகிய மூன்றும் அரசர் பாடியவை. பகைவரை வெல்லேனாயின் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்குக என்று வஞ்சினம் உரைக்கிறான் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். அவன் சொல்லுக்குப் படையும் பாவலரும் சான்று. ராஜ்கோட் வீட்டுப் பிள்ளையின் சொல்லுக்கு ஒரு தாயும் ஒரு துறவியும் மட்டுமே சான்று. அவ்விருவரும் இல்லாத நாட்டில், எவரும் காணாத மேசையில், அச்சொல் காக்கப்பட வேண்டியிருந்தது.

பம்பாய் சென்றபோது மோத் வணிகர் சாதிக் கூட்டம் அவரைத் தடுத்தது. கடல் கடத்தல் சமயத்திற்கு ஒவ்வாது என்றார் சாதித் தலைவர். அன்னைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருப்பதை மோகன்தாஸ் எடுத்துரைத்தும் பயனில்லை. அவர் சாதியினின்று விலக்கப்பட்டார். அவருக்கு உதவுவோருக்கும் வழியனுப்பத் துறைமுகம் செல்வோருக்கும் ஒன்றேகால் ரூபாய் தண்டம் என விதிக்கப்பட்டது. அஞ்சிய மைத்துனர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பயணத்தொகையைத் தர மறுத்தார். நண்பர் ஒருவரிடம் கடன் பெற்றே 1888 செப்டம்பர் 4ஆம் நாள் கப்பல் ஏறினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. மனைவியையும் கைக்குழந்தை ஹரிலாலையும் பிரிந்து சென்றார்.

கப்பலில் ஆங்கிலத்தில் பேசக் கூச்சம். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்த உணவில் புலால் கலந்துள்ளது என்று கேட்கவும் துணிவில்லை. ஆகவே உணவுக்கூடம் செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே உண்டார். இங்கிலாந்தின் குளிரில் புலால் இன்றி உயிர் வாழ இயலாது என்றார் உடன் பயணம் செய்த ஆங்கிலேயர் ஒருவர். அப்படியாயின் நாடு திரும்பிவிடுவேன் என்பதே மோகன்தாஸின் மறுமொழி.

பயணத்தின் இறுதியில், தாம் புலால் உண்ணவில்லை என்பதற்கு அந்நண்பரிடம் ஒரு சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொண்டார். சில காலம் அதைப் போற்றியும் வைத்திருந்தார். புலால் உண்டவரும் அத்தகைய சான்றிதழைப் பெறலாம் எனக் கண்டபோது அதன்மீது இருந்த பற்று அகன்றது. தம் சொல்லையே நம்பாதவருக்குச் சான்றிதழ் என்ன செய்யும் என்று எண்ணினார். பயணம் அவருக்குக் கற்பித்த முதற்பாடம் இது எனலாம்.

கரையில் வேறு பாடங்கள் காத்திருந்தன. செப்டம்பர் இறுதியில் வெண்ணிறப் பிளானல் உடையுடன் இறங்கியவர், அந்நிற உடையில் தம்மைத் தவிர ஒருவரும் இல்லாதது கண்டு நாணினார். காணவந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் பட்டுத் தொப்பியைக் கையில் எடுத்து, அதன் மென்மயிரை எதிர்த்திசையில் தடவிவிட்டார். பிறர் பொருளைத் தொடாதே, முதற்சந்திப்பில் வினாக்களை அடுக்காதே, உரக்கப் பேசாதே என மேத்தா மேலைநாட்டு ஒழுக்கத்தை எடுத்துரைத்தார். பகலில் இப்பாடங்கள், இரவில் தாயின் நினைவும் கண்ணீரும். உப்பும் மசாலையும் இல்லாத வெந்த காய்கறி நாவில் ஒட்டவில்லை. வீட்டுக்காரப் பெண்மணி தரும் இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகளுக்கு மேல் கேட்க நாணம். பசியோடே நாள்கள் கழிந்தன.

நண்பர் ஒருவர் அவரை மாற்ற அரும்பாடுபட்டார். எழுத்தறியாத தாய், அந்நாட்டு நிலை அறியாமல் வாங்கிய உறுதிமொழிக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். பெந்தாமின் பயன்பாட்டுக் கோட்பாட்டு நூலைப் படித்துக் காட்டினார். அந்நடை புரியவில்லை, வாதத்திற்கு எதிர்வாதமும் தம்மிடம் இல்லை, ஆயினும் சத்தியத்தை மீற இயலாது என்றார் மோகன்தாஸ். ஒருநாள் நண்பர் நாடகத்திற்கு முன் பெரிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். முதலில் வந்த சூப்பில் புலால் உண்டா எனப் பரிமாறுபவரை மோகன்தாஸ் கேட்க முனைந்தார். சினங்கொண்ட நண்பர் வெளியே போகச் சொன்னார். அருகிலிருந்த சைவ உணவு விடுதியும் மூடியிருந்தது. அன்றிரவு பட்டினி, அதன் பின் இருவரும் சேர்ந்தே நாடகம் பார்த்தனர், நட்பும் நீடித்தது.

நண்பரின் மனத்தை ஆற்றுவதற்காகவே அவர் ஆங்கிலக் கனவானாக முயன்றதும் குறிப்பிடத்தக்கது. பாண்டு தெருவில் பத்துப் பவுன் விலையில் மாலையுடை, நடனப் பயிற்சிக்கு மூன்று பவுன், வயலினுக்கு மூன்று பவுன், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கினி எனப் பொருள் கரைந்தது. தாளத்திற்குக் கால் இசையவில்லை. ஏறத்தாழ மூன்று மாதங்களில் அம்மயக்கம் தெளிந்தது. செலவழிந்தது தமையனார் அரும்பாடுபட்டுத் திரட்டி அனுப்பிய பணம். அதனை உணர்ந்தவர், வண்டிக் கூலி முதல் அஞ்சல்தலை வரை ஒவ்வொரு காசையும் கணக்கில் எழுதினார். நடந்தே செல்லும் தொலைவில் அறை பார்த்தார். பின்னர் ஓர் அறையே போதும் எனத் தாமே சமைத்து, நாளொன்றுக்கு ஒன்றேகால் ஷில்லிங்கில் உணவை முடித்துக்கொண்டார். குடும்பத்தின் வருவாய்க்கு இசைந்த வாழ்வு இதுவே என்றும், இதனால் மனம் நிறைந்தது என்றும் பின்னாளில் எழுதினார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். பாரிங்டன் தெருவில் சைவ உணவு விடுதியொன்றைக் கண்ட அன்றுதான் இங்கிலாந்தில் முதன்முறையாக அவர் வயிறார உண்டார். அங்கேயே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கினார். அதுவரை தாய்க்குக் கொடுத்த சொல்லுக்காக மட்டும் புலாலை விலக்கியவர், அந்நூலைக் கற்றபின் தம் அறிவின் தேர்வாகவும் அதனை ஏற்றார். ஆனால் நூலறிவோடு ஒரு சிக்கலும் வந்தது. புலால் என்பதற்கு அந்நாட்டில் மூன்று விளக்கங்கள் வழங்கின. பறவை, விலங்கு ஆகியவற்றின் ஊன் மட்டுமே புலால் என்பது ஒன்று. இதன்படி மீனும் முட்டையும் உண்ணலாம். எல்லா உயிர்களின் ஊனும் புலால் என்பது மற்றொன்று. இதன்படி மீன் ஆகாது, முட்டை ஆகும். உயிர்களிடமிருந்து பெறும் முட்டை, பால் முதலிய யாவும் அதில் அடங்கும் என்பது மூன்றாவது.

முட்டையில் உயிர்க்கொலை இல்லை என்னும் வாதத்தில் மயங்கிச் சிறிது காலம் அவர் முட்டை உண்டார். வாதத்தில் பிழையில்லை. சொல்லின் அகராதிப் பொருளும் அவர் பக்கமே நின்றது. ஆனால் அவர் உள்ளத்தில் வேறொரு வினா எழுந்தது. சத்தியம் வாங்கியபோது அன்னை ‘புலால்’ என்னும் சொல்லால் எதைக் கருதினார்? அவர் கருத்தில் முட்டையும் அடங்கும் என்பதில் ஐயமில்லை. இலண்டன் அறிஞரின் விளக்கம் எதுவாயினும், தம்மைக் கட்டுவது அன்னையின் விளக்கமே என்று துணிந்து முட்டையை விட்டார். அன்று முதல், சைவ விடுதியிலும்கூட, பணியாரத்திலும் களியிலும் முட்டை கலந்துள்ளதா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதாயிற்று. கூச்சம் மிகுந்தவருக்கு அது எளிய செயலன்று.

இதிலிருந்து அவர் வகுத்த நெறிகள் இரண்டு. உறுதிமொழியை வாங்கியவர் நேர்மையாக அதற்கு என்ன பொருள் கொண்டாரோ அப்பொருளே செல்லும் என்பது ஒன்று. இருபொருளுக்கு இடமிருப்பின் எளியவர் கொண்ட பொருளே செல்லும் என்பது மற்றொன்று. ஒப்பந்தத்தின் சொற்களைப் பிரித்துப் பொருள் காணும் கலையைப் பயிலச் சென்ற சட்ட மாணவர், அங்கே எழுத்தறியாத ஒரு பெண்ணின் பொருளைத் தம் சட்டமாக ஏற்றார்.

ஆயினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்கே உடன்பாடன்று. இந்திய மாணவர் பலர் தம் இளமை மணத்தை மறைத்து மணமாகாதவராக நடந்துகொண்டனர். அவரும் அவ்வாறே நடந்தார். தாய்க்குச் சொல் கொடுத்த இடத்தில் உறுதியாக நின்றவர், சொல் கொடுக்காத இடத்தில் வழுக்கினார். பிரைட்டன் நகரில், பிரெஞ்சில் எழுதிய உணவுப் பட்டியல் புரியாமல் விழித்தபோது உதவிய மூதாட்டி ஒருவர், ஞாயிறுதோறும் அவரை விருந்துக்கு அழைத்து இளம்பெண்ணொருத்தியோடு பழகவும் வாய்ப்பளித்தார். நட்பு எங்கே செல்கிறது என்பதை உணர்ந்த மோகன்தாஸ், தமக்கு மணமாகி ஒரு மகனும் உண்டென்று அம்மூதாட்டிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தை அவர் பலமுறை திருத்தி எழுத வேண்டியிருந்தது. உண்மை நடுங்கும் கையால்தான் எழுதப்பட்டது, ஆனால் எழுதப்பட்டது. மூதாட்டியின் மறுமொழி நட்பு மாறாமல் வந்தது.

1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். 11ஆம் நாள் உயர்நீதிமன்றத்தில் பெயரைப் பதிந்தார். 12ஆம் நாள் தாயகத்திற்குக் கப்பல் ஏறினார். இலண்டனில் ஒருநாள் கூடத் தங்க மனமில்லை. தாயைக் காணும் ஏக்கமே மேலோங்கியிருந்தது. காற்றும் மழையுமாகக் கடல் கொந்தளித்த ஜூலையில் பம்பாய் வந்து சேர்ந்தார். துறைமுகத்திற்குத் தமையனார் வந்திருந்தார். அன்னை காலமாகிவிட்ட செய்தியை அப்போதுதான் அவர் வெளியிட்டார். அந்நிய நாட்டில் தம்பி தனியே துயருறலாகாது என்று அதுவரை மறைத்து வைத்திருந்தார். தந்தையை இழந்தபோது உற்றதினும் பெருந்துயரை அடைந்தார் மோகன்தாஸ். ஆயினும் வாய்விட்டு அழவில்லை என்றும், ஒன்றும் நிகழாதது போலவே அன்றாட வாழ்வில் ஈடுபட்டதாகவும் எழுதியுள்ளார்.

மூன்றாண்டுகள் காத்துக் கொண்டுவந்த சொல்லை ஒப்படைக்க உரியவர் அங்கே இல்லை. ‘அம்மா, நான் சொன்னபடியே இருந்தேன்’ என்று கூறும் பேறு அம்மகனுக்கு வாய்க்கவில்லை. கேட்டவர் மறைந்தபின் சொல்லும் மறைந்துவிடுமா? அவர் அவ்வாறு கருதவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பின்னர் அவர் மேற்கொண்ட நோன்புகளிலும் உறுதிமொழிகளிலும், புத்லிபாய் வாங்கிய அம்மூன்று சொற்களின் வலிமை தொடர்ந்தது எனக் கருத இடமுண்டு.

கவிஞர் பெருமக்களே! எழுதி முடித்த சொல்லும் கடல் கடந்த மகனைப் போன்றதே. அது எங்கோ, எழுதியவர் அறியாத ஒருவரின் கையில் சென்று சேர்கிறது. அவர் அதை நம்பி ஒரு பொருள் கொள்கிறார். யான் அவ்வாறு சொல்லவில்லை, அகராதியைப் பாருங்கள் என்று தப்பிக்க வழி எப்போதும் உண்டு. அவ்வழி திறந்திருந்தும், ஒரு மாணவர் அதனூடே செல்லவில்லை. தம் தாய் கொண்ட பொருளை இலண்டன் முழுதும் சுமந்து நடந்தார். இம்மன்றம் அடுத்த பத்தாண்டுகளில் எழுதப்போகும் கவிதைகளும் அவ்வாறே, நம்பிக் கேட்டவர் பக்கம் நிற்கட்டும்.