நகரம் யாருக்கு?



1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்துக் காணியற்றோருக்கு இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல் கிடைத்தது. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து ஓடிவந்த நம் உடன்பிறப்புகள் பலருக்கோ, வாய்க்கால் எட்டாத மேட்டுநிலமே வாய்த்தது. நாமும் கண்டுங்காணாதிருந்தோம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2009க்குப் பின் கண்டி வீதியின் இருமருங்கிலும் வங்கிகள் எழுந்தன. பாரதிபுரத்துத் தாய் அங்கே கடன் கேட்டால், “உறுதி எங்கே?” என்பார்கள். உறுதியற்றவருக்கு நகரம் வேடிக்கைப் பொருளன்றி வேறென்ன?

நகர அபிவிருத்திப் பிரதேசமென்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்குத் திட்டம் வரையும் அதிகாரத்தை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் கொழும்பிலுள்ள அதிகார சபைக்கு அளித்திருக்கிறது. வரைபடம் முடிந்தபின் அழுது பயனில்லை. காணியுறுதி, குடிநீர், சந்தைக்குப் பேருந்து: இம்மூன்றையும் இப்போதே எழுத்தில் கேட்போம். ஞாயிறு தோறும் சட்டத்தரணிகள் நாங்கள் கூலியின்றி வருவோம். கையிலுள்ள பழைய அனுமதிப்பத்திரத்தை, கிழிந்திருந்தாலும், எறியாமல் கொண்டுவாருங்கள்.