வரும் பருவத்தில் நம் நாடக மேடை
(ஆண்டு விழாவில் நாடகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



தலைநகர் தில்லியில் வாழும் நம் குடும்பங்களுக்காக, வரும் பருவத்தில் மூன்று நாடகங்களை மேடையேற்றத் தேர்ந்துள்ளோம். மூன்றும் பழையவை. தீபாவளி கழிந்தபின் மகேந்திரவர்மனின் மத்தவிலாசம். பொங்கலை ஒட்டிப் பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரா. பிள்ளைகளின் தேர்வுகள் முடிந்து, சித்திரையில் மனோன்மணீயம்.

"அலுவலகத்தில் உழைத்துக் களைத்து வருவோர்க்குச் சிரிப்பு நாடகம் போதாதா?" என்று அன்பர் சிலர் வினவினர். சிரிப்புக்குக் குறைவில்லை. மத்தவிலாசம் ஏழாம் நூற்றாண்டில், காஞ்சி மாநகர வீதியில் நிகழும் நகை நாடகமேயாகும். குடிமயக்கத்தில் தன் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், வழியே வந்த புத்த துறவியைத் திருடன் என்று பற்றிக்கொள்கின்றான். அதைக் கவ்விச் சென்றதோ ஒரு நாய். மீட்டு வருபவன் ஒரு பித்தன். நாடாளும் மன்னனே தன் தலைநகரின் கள்ளுக்கடையை மேடையில் காட்டினான் என்பது இன்று எண்ணினும் வியப்பே. வடமொழியிலும் பிராகிருதத்திலும் அமைந்து, கேரளத்துக் கூத்து மரபில் வாழ்ந்துவந்த இந்நூல், 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. நாங்கள் தமிழாக்கத்தை நடிக்கின்றோம்.

மனோகராவைப் பற்றி மிகுதியும் கூற வேண்டுவதில்லை. 1954ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வசனம் நம் முதியோர் பலர்க்கு மனப்பாடம். அதனை எதிர்பார்த்து வருவோர் பொறுத்தருள்க. நாங்கள் எடுத்துக்கொண்டது முதலியாரின் மூல நாடகம். 1891இல் அவர் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் வேடம் புனைந்தனர். பகலில் அலுவல், மாலையில் ஒத்திகை. அவ்வகையில் அவர்கள் நமக்கு நெருங்கிய உறவினரே.

அதே 1891இல் வெளிவந்ததுதான் மனோன்மணீயம். ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூர் மண்ணில் இருந்துகொண்டே இதனை யாத்தார். இதன் தொடக்கத்துத் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதி, 1970 முதல் தமிழ்நாட்டரசின் விழாக்களில் ஒலிக்கின்றது. வணக்கத்தை அறிந்தோர் பலர். நாடகத்தைக் கண்டோர் சிலரே. அதற்குக் காரணமும் உண்டு. ஏறக்குறைய 4,500 அடிகள், பெரும்பாலும் அகவல், நடிப்பதற்கன்றிப் படிப்பதற்கென்றே எழுதப்பெற்றது. ஆகவே சுருக்கியே தீரவேண்டும். குடிலனின் சூழ்ச்சி, சுரங்க வழி, நள்ளிரவு மணம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, கிளைக்கதையைப் பெரிதும் விலக்கிவிட்டோம்.

ஆனால் ஒன்றில் நாங்கள் இணங்கவில்லை. செய்யுளைப் பேச்சு நடையாக மாற்றித் தருமாறு பெற்றோர் பலர் கேட்டனர். அவர்தம் கவலை எங்களுக்கும் விளங்குகின்றது. வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளுட் பலர்க்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தம் பகுதியைத் தேவநாகரியில் எழுதிக்கொண்டு நெட்டுருச் செய்கின்றனர். இந்தியில் எழுதும் வழக்கத்தில் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் தனித்தனிக் குறியில்லை, ழகரத்துக்கும் இடமில்லை. "கொடு" என்பதும் "கோடு" என்பதும் தாளில் ஒன்றாகிவிடுகின்றன. "கொடு" ஓரசை; "கோடு" ஈரசை. குறில் நெடிலானால் அகவலின் நடை அங்கேயே இடறி விழும். பேச்சு நடையில் இப்பிழை காதில் உறுத்தாமற் போகலாம். செய்யுளில் மறைக்க இயலாது. மறைக்க இயலாது என்பதற்காகவே அதனைத் தேர்ந்தோம்.

எனவே, ஒத்திகைக்கு முன் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் ஒரு மணி நேரம் எழுத்துப் பயிற்சி நடைபெறும். நடிக்கும் பிள்ளைகள் தமிழ் எழுத்திலேயே படியெடுத்து வரவேண்டும். கற்பிக்க வல்ல மூத்தோர் நம்மிடையே இன்று நால்வரே உளர். மார்கழிக் குளிரில் அவர்களை அழைத்து வரவும் இல்லம் சேர்க்கவும் வண்டியுடையோர் முன்வர வேண்டுகின்றோம்.

வேடங்களுள் ஒன்று இன்னும் நிரம்பவில்லை. சீவக மன்னனாக நடிக்க அறுவர் பெயர் தந்துள்ளனர். அவனை வஞ்சிக்கும் அமைச்சன் குடிலனாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. நாடகத்தின் பெரும்பாரம் அவன் தோள்மேல் நிற்கின்றது. நல்ல பகுதிகளும் அவனுக்கே. விழா முடிந்ததும் மேடையின் வலப்புறத்தில் காத்திருப்போம்.