புதுசு போதும், சொகுசு வேண்டாம்!



எனக்கு முன்னால் பேசிய நண்பர் சொகுசு வண்டியின் சீட்டைப் பற்றிச் சொன்னார் பாருங்கள், எனக்கே தூக்கம் வந்துவிட்டது. "புதுச் சின்ன எஸ்.யு.வி. வாங்குற காசுக்கு, ஏழு வருஷம் ஓடின பெரிய ஜெர்மன் வண்டியே கிடைக்குதுங்க" என்றார். வாஸ்தவம். கிடைக்குது. ஏன் கிடைக்குதுன்னு அவர் சொல்லவே இல்லையே! (சிரிப்பு)

என் தங்கையைக் கொடுத்திருப்பது ஊத்துக்குளியில். வெண்ணெய்க்குப் பேர் போன ஊர். மாப்பிள்ளை பவர் டேபிள் போட்டு, திருப்பூர் கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறார். அவர்தான் அப்படி ஒரு வண்டியைப் பழசில் பிடித்தார். "ஏன் மாப்ள, புதுசா ஒரு சின்ன வண்டி போதாதா?" என்று கேட்டேன். "இல்லீங் மச்சான், ஆர்டர் குடுக்கறவங்க நாம எதுல வந்து எறங்கறோம்னுதான் பாக்கறாங்க" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வண்டி நல்ல வண்டிதான். கைத்தமலைக்குப் போய்ப் பூஜை போட்டு வந்தோம், குலுங்கவே இல்லை.

ஆறாவது மாசம் ஒரு காலையில் பார்த்தால், பின்பக்கம் ஒரு ஓரமாகப் படுத்துக் கிடக்கிறது. எருமை குட்டையில் படுக்குமே, அப்படி! காற்று அடைத்த சஸ்பென்ஷனாம். கோயம்புத்தூருக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம்.

இங்கேதான் நடுவர் அவர்களே, கணக்கு. ஐம்பது லட்சம் வண்டி பழசாகிப் பதினைந்து லட்சத்துக்கு வரும். ஆனால் அதன் உதிரி பாகம் பழசாகாதுங்க! அது இன்னும் ஐம்பது லட்சம் வண்டியின் பாகம்தான். வாங்கும்போது நாம் பதினைந்து லட்சத்துக்காரர். ரிப்பேருக்குப் போகும்போது ஐம்பது லட்சத்துக்காரர். (கைதட்டல்)

இன்சூரன்ஸ் இருக்கே என்பார்கள். கேளுங்கள். சஸ்பென்ஷன் தேய்ந்து போனால் இன்சூரன்ஸ் தராது; விபத்துக்குத்தான் தரும். அதிலும் சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கெல்லாம் பாதியைக் கழித்துவிடுவார்கள். அந்தக் கழிவு இல்லாத பாலிசியை, வயதான வண்டிக்குப் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று. ரிப்பேர் செலவு, இன்சூரன்சில் போட்ட வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், மொத்த நஷ்டம் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். மதிப்பு பதினைந்து, பாகத்தின் விலை ஐம்பதுக்கு உரியது என்றால், ஒரு மழைத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் போதாதா?

எங்கள் அணிக்குப் பாதகமானதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். புது வண்டியும் விலை இறங்கும். இன்சூரன்ஸ் கணக்கிலேயே முதல் வருஷத்துக்குள் 15 சதவீதம், ஐந்தாவது வருஷத்தில் பாதி போய்விடும். ஆனால் அது நமக்கு முன்கூட்டியே தெரிந்த நஷ்டம். ஒரு நாள் காலையில் திடீரென்று வந்து படுத்துக்கொள்ளாது.

சின்ன வண்டி என்றால் தகரம் என்றார் நண்பர். டாடா நெக்ஸான் 2018 டிசம்பரிலேயே மோதல் சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது. நாலு மீட்டருக்குள்ளே அடங்குகிற வண்டிங்க அது! வரியும் இப்போது இறங்கியிருக்கிறது. நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்கிற வண்டிக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதம், அதன்மேல் செஸ் வேறு.

மாப்பிள்ளை கதைக்கு வருகிறேன். ஒர்க்‌ஷாப் பில் வந்தது எப்போது தெரியுங்களா? தீபாவளிக்கு முந்தின வாரம். தையல்காரங்களுக்கு போனஸ் போட எடுத்து வைத்திருந்த பணம் பீரோவில் இருக்கிறது. வண்டியை எடுப்பதா, போனஸ் போடுவதா? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை மனுஷன். காலையில் என் தங்கை ஒன்றும் பேசாமல் பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். போனஸ் போட்டாச்சு. வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது. ஆர்டர் கேட்க மாப்பிள்ளை டி.வி.எஸ். எக்ஸெல்லில்தான் போனார். ஆர்டர் கொடுப்பவர் அவர் எதில் வந்தார் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை; மாதிரிக்குத் தைத்த பீஸைத் திருப்பித் திருப்பித் தையலைத்தான் பார்த்தாராம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். அந்த வண்டி இப்போது விற்பனைக்கு இருக்குதுங்க. எதிரணி நண்பர் அவ்வளவு ஆசையாகப் பேசினாரே, கீழே இறங்கினதும் விலாசம் தருகிறேன்.