கடைத்தெரு எல்லோருக்கும் பொது



கடைக்குள் நாம் கூட்டுகிறோம். கடைத்தெருவை யார் கவனிப்பது? கனடாவின் டொரண்டோ நகரில் புளூர் வெஸ்ட் வட்டார வணிகர்களுக்கு 1960களில் இந்தக் கேள்வி எழுந்தது. சுரங்க ரயில் வந்ததும் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்தது. பேரங்காடிகள் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டன.

விருப்பமுள்ளவர் மட்டும் சந்தா தந்தால், தராதவரும் அதே விளக்கொளியில் வியாபாரம் செய்வார், தந்தவர் சோர்ந்துபோவார். எனவே வட்டார வணிகர் அனைவரும் பங்கு செலுத்தச் சட்டம் கேட்டுப் பெற்றனர். 1970இல் உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் அங்கே உருவானது. விளக்குகளும் இருக்கைகளும் மரஞ்செடிகளும் வந்தன. மக்களும் திரும்பி வந்தனர்.

சிங்கப்பூரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் இதைச் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. உறுப்பினர் சந்தாவுக்கு ஈடாக அரசும் ஒரு வரம்புவரை பணம் தந்தது.

ஆனால், தெரு செழித்தால் வாடகையும் ஏறக்கூடும். அதனால் நிர்வாகக் குழுவில் பெரிய கடைக்காரர் மட்டும் இருந்தால் போதாது; மளிகைக்கடைக்காரரும் முடிதிருத்துபவரும் இருக்க வேண்டும். சிறுகடைகள் போய்விட்டால் தெரு மின்னும். நம் தெருவாக இருக்காது.

சிறு சந்தாக்களால் ஐம்பது ஆண்டு வளர்ந்த நம் சங்கத்துக்கு இது தெரியாததல்ல.