கடைசிப் பகுதி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"தொழில்நுட்பம் பற்றி ஏதாவது பேசுப்பா" என்று சொல்லி என்னை மேடையேற்றிவிட்டார்கள். நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். முன் வரிசைப் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, விஷயம் இன்ஜினியரிங்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி, தங்கள் 'சியான்' நிறுவனத்தின் மூலம் 1993-இல் 'மிஸ்ட்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். சுடுவதற்குத் துப்பாக்கி கிடையாது. ஆளில்லாத ஒரு தீவு, நின்றுபோன இயந்திரங்கள், அவ்வளவுதான். எது எதை இயக்குகிறது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது!

அடுத்தது 1997-இல் வந்த 'ரிவன்'. ஐந்து சிடி. அதில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் வரும். பிள்ளைகள் எண் படிக்கும் பொம்மை ஒன்று அங்கே இருக்கும். அதைச் சுற்றிச் சுற்றி அந்த ஊர் எண்களை நாமும் கற்றுக்கொள்வோம். 'இதுதான் புதிர்' என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. மாட்டிக்கொண்டால், நாம் எதையோ சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். விளையாட்டு நம்மை ஏமாற்றாது என்ற அந்த நம்பிக்கைதான் இந்தத் தொடரின் மூலதனம்.

2001-லும் 2004-லும் வந்த பாகங்களை வேறு நிறுவனங்கள் செய்தன. 2005-இல் ஐந்தாவதும் கடைசியுமான 'எண்ட் ஆஃப் ஏஜஸ்' மறுபடி சியான் கைக்கே வந்தது. விமர்சகர்கள் பலர் பாராட்டவும் செய்தார்கள். எனக்கோ பெரிய ஏமாற்றம்.

காரணம் ஒரு பலகை. அதில் மவுஸால் ஒரு குறியை வரைந்து கீழே வைத்தால், 'பாரோ' என்ற உயிரினம் வந்து அதைப் படித்து, சொன்னதைச் செய்யும். அருமையான யோசனை! ஆனால் சரியான குறியையே கொஞ்சம் கோணலாக வரைந்துவிட்டால் ஏற்காமல் போய்விடும். நம் விடை தப்பா, நம் கை தப்பா? தெரியாது. கண்டுபிடித்த விடையைச் சந்தேகப்பட்டுக் கைவிட்டு, இல்லாத விடையைத் தேடி அலைய வேண்டியதுதான். பன்னிரண்டு வருஷம் சேர்த்த நம்பிக்கை அங்கே உடைந்தது.

செய்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. அந்த விளையாட்டு வெளிவந்த அதே 2005 செப்டம்பரில், சியான் தன் ஊழியர்களில் ஏறக்குறைய எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்தியது. சில வாரம் கழித்துத்தான் திரும்ப அழைத்துக்கொண்டது. நெருக்கடி அப்படி. அசையாப் படங்களை விட்டு, நினைத்த இடத்தில் நடக்கும் முப்பரிமாணத்துக்கு மாறியதைச் சிலர் குறை சொன்னார்கள். நான் சொல்ல மாட்டேன். 2024-இல் அதே நிறுவனம் ரிவனையே அந்த முறையில் புதிதாகக் கட்டி, அழகாகச் செய்து காட்டியது.

நான் கன்ட்ரோல் பேனல் வடிவமைப்பவன். ஆபரேட்டர் சரியான பட்டனை அழுத்துகிறார். பேனல் சும்மா இருக்கிறது. இரண்டாம் தடவையும் சும்மா. மூன்றாம் தடவை அவர் கை தப்பான பட்டனுக்குப் போகும். அது அவர் குற்றமா? அதனால்தான் 'கட்டளை வந்து சேர்ந்தது' என்பதற்கு ஒரு விளக்கு, 'வேலை நடந்தது' என்பதற்குத் தனியாக இன்னொரு விளக்கு வைக்கிறோம். அந்தப் பலகையில் இல்லாமல் போனது அந்த முதல் விளக்குதான்.

தம்பி தங்கைகளே, ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யும்போது இதை ஞாபகம் வைத்துக்கோங்க. உங்கள் இயந்திரம் 'முடியாது' என்று சொல்லலாம், பரவாயில்லை. ஆனால் 'நீ சொன்னது புரியவில்லை' என்பதையும், 'புரிந்தது, ஆனால் அது தப்பு' என்பதையும் அது தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பயன்படுத்துகிறவர் தன் அறிவைச் சந்தேகப்படும்படி எதையும் செய்துவிடாதீர்கள்.